ஓட்டைக் கொட்டினால் சிப்பிப் பார் எழும்புமா?

கேள்வி இது: "அமெரிக்காவில் உணவகங்களில் தின்று போட்ட சிப்பி ஓடுகளைச் சேகரித்துக் கடலில் கொட்டி, அழிந்துபோன சிப்பித் திட்டுகளை மீட்கிறார்களாம். வெறும் ஓடு போட்டால் போதுமா? உண்மையில் எப்படிச் செய்கிறார்கள், எங்கே கெட்டுப்போகிறது?"

சில இடங்களில் ஓடு மட்டும் போதும். பல இடங்களில் அது கடலில் கரைத்த பெருங்காயம். உங்கள் இடம் இதில் எந்த வகை என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இதில் நெடுநாள் பட்டறிவு சேர்ந்திருக்கும் இடம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடா. மேரிலாந்து, வர்ஜீனியா என்று இரண்டு மாநிலங்களுக்குள் கிடக்கும் அந்த விரிகுடாவை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படியும் இடத்தைப் 'பார்' என்பார்கள். தொலாயிரம் பார் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முத்துச்சிப்பி நாரால் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நாம் பேசுவது உண்ணும் சிப்பி, தூத்துக்குடிப் பக்கம் 'ஆளி' என்று சொல்லும் இனத்தின் அமெரிக்க உறவு. இது இடப்பக்க ஓட்டைச் சிமெண்ட் போட்டதுபோல ஒட்டிக்கொண்டுவிடும். ஒருமுறை ஒட்டினால் சாகும்வரை நகராது. அதன்மேல் அடுத்த தலைமுறை ஒட்டும், அதன்மேல் அதற்கடுத்தது. பார் என்பது இப்படி எழும்பிய ஓட்டுக் குவியல்தான். ஆகவே அடியில் கெட்டியான, சுத்தமான ஒரு பரப்பு இல்லையென்றால் கதை தொடங்கவே தொடங்காது.

செசபீக்கில் 1884–85 பருவத்தில் மேரிலாந்து மட்டும் 1.5 கோடி புஷல் (கூடைக் கணக்கில் அளக்கும் முகத்தல் அளவு) சிப்பி எடுத்தது. இன்று விரிகுடாவில் மிஞ்சியிருப்பது பழைய இருப்பில் ஓரிரு சதவீதம் என்பதுதான் பொதுவான கணக்கு. இரும்புப் பல் வைத்த இழுவைக் கூடைகள் மேடான பார்களைத் தரைமட்டமாக்கின. எடுத்த ஓடு திரும்பக் கடலுக்குப் போகவில்லை. சாலைக்கும் சுண்ணாம்புக்கும் கோழித் தீவனத்துக்கும் போனது. வயல்களிலிருந்து வந்த வண்டல் மிச்சத்தை மூடியது. பிறகு 1949-இல் டெர்மோ, 1959-இல் எம்.எஸ்.எக்ஸ். என்று இரண்டு ஒட்டுண்ணி நோய்கள் தெரியவந்தன. இரண்டும் மனிதருக்கு ஒன்றும் செய்யாது, சிப்பியைக் கொல்லும்.

இப்போது அந்த முதல் கேள்வி: உங்கள் நீரில் குறைவது லார்வாவா (இன்னும் ஒட்டாமல் நீந்தும் இளம் சிப்பி), தரையா?

கோடையில் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சிப்பிகள் முட்டையையும் விந்தையும் நீரில் விடும். கருவான லார்வா இரண்டு மூன்று வாரம் நீந்தும். அதற்குள் ஒட்ட இடம் கிடைக்காவிட்டால் செத்துவிடும். உப்பு கூடிய தெற்கே, வர்ஜீனியாவில், பல ஆறுகளில் லார்வா தாராளமாக இருக்கிறது, ஒட்டத்தான் இடமில்லை. அங்கே ஓட்டைக் கொட்டினாலே போதும், லார்வா தானாக வந்து பற்றிக் குஞ்சாகும். உப்புக் குறைந்த வடக்கே, மேரிலாந்தில், லார்வாவே அரிது. அங்கே எவ்வளவு ஓடு போட்டாலும் அது பாசி பிடித்துச் சேற்றில் அமிழும்.

இதை அறியச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனம் ஆண்டாண்டாகச் செய்வது இதைத்தான். ஏறக்குறைய ஒரே அளவுள்ள 12 ஓடுகளை நடுவில் துளையிட்டு, வழவழப்பான உட்பக்கம் கீழே பார்க்கும்படி ஒரு கம்பியில் கோத்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தொங்கவிடுவார்கள். மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை சரத்தை மாற்றுவார்கள். மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் ஒதுக்கிவிட்டு, நடு 10 ஓடுகளின் உட்பக்கத்தை நுண்ணோக்கியில் வைத்து ஒட்டிய குஞ்சுகளை எண்ணுவார்கள். ஒரு வாரக் குஞ்சு மிளகுக்கும் சிறியது. வெறுங்கண்ணால் பார்த்தால் மணல் துகள் என்றுதான் தோன்றும். ஒரே கோடையை நம்ப வேண்டாம், குறைந்தது இரண்டு மூன்று கோடைகள் பாருங்கள். ஓட்டுக்கு ஒன்றுக்குமேல் வாராவாரம் வந்தால் உங்களுக்கு வேண்டியது தரை. பருவம் முழுக்கச் சரம் வெறுமையாகவே திரும்பினால் விதையை, அதாவது ஓட்டில் முன்பே ஒட்டவைத்த குஞ்சை, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் லாரி பேசுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது இடம். உப்பளவு ஆயிரத்தில் 5 பங்குக்கு மேல் இருந்தால் வளர்ந்த சிப்பி பிழைக்கும், இனப்பெருக்கத்துக்கு 10-ஐத் தாண்ட வேண்டும். கூடக்கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்: 15-ஐத் தாண்டினால் எம்.எஸ்.எக்ஸ். நோயும், ஓட்டில் துளைபோட்டுச் சதையை உறிஞ்சும் நத்தையும் கூடவே வரும். உப்புக் குறைந்த இடத்தில் நோய் குறைவு, குஞ்சும் குறைவு. உப்பு மிகுந்த இடத்தில் குஞ்சு நிறைய, சாவும் நிறைய. இரண்டும் சேர்ந்து நன்றாக அமைவது கிடையாது. சராசரியை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. கெட்ட ஆண்டின் குறைந்தபட்சம் என்ன என்று பாருங்கள். 1972-இல் ஆக்னஸ் புயல் மழை விரிகுடாவின் மேல்பகுதியை நன்னீராக்கிப் பார் பாராகக் கொன்றது. குளிரில் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு வாரக்கணக்கில் தாங்கும். கோடை வெள்ளத்தில் அவ்வளவு நாள் மூச்சடக்க முடியாது.

ஆழமும் முக்கியம். கோடையில் செசபீக்கின் ஆழப் பகுதிகளில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமல் போகும். அதனால் பெரும்பாலான மீட்புப் பார்கள் சுமார் 2 முதல் 6 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன. தரையை ஒலிக்கதிர்க் கருவியால் படம்பிடிப்பார்கள். அதோடு விட்டுவிடாமல் ஒரு நீளக் கழியால் குத்திப் பார்ப்பதும் உண்டு. கழி 'கடக்' என்று ஓட்டில் தட்டினால் நல்ல தரை. மணலில் சரசரக்கும், அதுவும் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் முழங்கை ஆழம் இறங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அங்கே போடும் ஓடு தன் எடையிலேயே புதைந்துவிடும். எந்தப் படமும் இந்தக் கழிக்கு ஈடில்லை என்பது என் எண்ணம்.

பாரின் உயரத்தில் கஞ்சத்தனம் காட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வர்ஜீனியாவின் கிரேட் விகாமிகோ ஆற்றில் 2004-இல் கட்டிய பார்களைப் பின்னாளில் அளந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: 25–45 செ.மீ. உயர்த்திய பார்களில், 8–12 செ.மீ. மட்டும் உயர்த்தியவற்றைவிட நான்கு மடங்கு நெருக்கமாகச் சிப்பி இருந்தது. காரணம் எளிது. தரையை ஒட்டி நீர் மெதுவாக ஓடும், வண்டல் அங்கேதான் படியும். மேட்டில் ஓட்டம் வேகமானது. வண்டலைக் கழுவும், உணவையும் கொண்டுவரும். ஓட்டின்மேல் ஒரு மில்லிமீட்டர் வண்டல் படிந்தாலே லார்வா ஒட்டாது. தாழ்வான பாரில் சிப்பி வளரும் வேகத்தை வண்டல் சேரும் வேகம் முந்திவிடும். அதற்கப்புறம் என்ன செய்தாலும் மீளாது.

ஆனால் உயரத்துக்கு விலை உண்டு. ஒரு ஏக்கரை 30 செ.மீ. உயர்த்த வேண்டுமானால் சுமார் 1,200 கன மீட்டர் பொருள் வேண்டும். 10 கன மீட்டர் லாரி என்றால் 120 லோடு. அமுங்கி இறங்குவதற்குக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு ஓடு எந்த உணவகத்திலும் சேராது. மேரிலாந்து பல ஆண்டுகள் கடலடியில் புதைந்த பழைய ஓட்டைத் தோண்டி எடுத்துப் பரப்பியது. 2006-இல் அது நின்றுபோனது. அதனால்தான் மேரிலாந்தின் பெரிய மீட்புப் பணி நடந்த ஹாரிஸ் கிரீக் என்ற கிளையாற்றில் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த புதைபடிவ ஓட்டையும் கருங்கல்லையும் அடித்தளமாகப் போட்டார்கள். உடைத்த கான்கிரீட்டும் ஆகும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, தார் ஒட்டியிருக்கக் கூடாது. சிப்பிக்குக் கல் என்றும் ஓடு என்றும் பெரிய பேதமில்லை. சுத்தமாகவும் கெட்டியாகவும் இருந்தால் ஒட்டும்.

பேதம் பார்ப்பவர்கள் மீனவர்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அங்கே நண்டு பிடிக்க, இரை கட்டிய நீளக் கயிறு ஒன்றைத் தரையோடு கிடத்துவார்கள். பெரிய கற்களின் இடுக்கில் அது சிக்கிக்கொள்ளும். ஹாரிஸ் கிரீக்கில் சில கல் பார்கள் திட்டமிட்டதைவிட உயர்ந்து நின்றதால் படகுகளின் அடி தட்டியது; பிறகு அந்த மேடுகளைச் சமன்செய்ய வேண்டி வந்தது. கொட்டி முடித்த அன்றே ஆழத்தை அளந்து வரைபடத்தோடு ஒப்பிட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும் விஷயம்.

உணவக ஓடு எதற்குப் பயன்படுகிறது என்றால், விதை ஏற்றுவதற்கு. அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வந்த ஓட்டைக் குவித்து ஏறத்தாழ ஓராண்டு வெயிலிலும் மழையிலும் போட்டுவைப்பார்கள். ஒட்டியிருக்கும் சதை அழுக வேண்டும், அதில் ஏதாவது நோய்க்கிருமியோ வேற்று உயிரோ இருந்தால் சாக வேண்டும். அவசரப்பட்டு ஈர ஓட்டைப் போட்டால் தொட்டி நாறும், ஆக்சிஜன் இறங்கும், லார்வா மொத்தமும் போகும். காய்ந்த ஓட்டைச் சல்லடை உருளையில் போட்டுக் கழுவி, கம்பிவலைக் கூண்டுகளில் நிரப்பித் தொட்டியில் இறக்குவார்கள். விரிகுடா நீரை நிரப்பி ஓரிரு நாள் ஊறவிட்டால் ஓட்டின்மேல் மெல்லிய வழுவழுப்புப் படலம் பிடிக்கும். லார்வாவுக்கு அந்த வாடைதான் 'இங்கே இறங்கலாம்' என்ற அழைப்பு.

லார்வா வருவது குஞ்சுபொரிப்பகத்திலிருந்து. மேரிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊருக்கு அருகே இருக்கும் ஹார்ன் பாயின்ட் ஆய்வுக்கூடம்தான் பெரிய மூலம். தாய்ச்சிப்பிகளை இயற்கைப் பார்களிலிருந்து, முடிந்தவரை நிறைய எண்ணிக்கையில் எடுக்க வேண்டும். நாலைந்து தாயிலிருந்தே கோடிக்கணக்கில் பெருக்கிக் கடலில் விட்டால் மரபு குறுகிவிடும். லார்வா 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் உடலில் ஒரு கரும்புள்ளி தெரியும், ஊர்ந்து இடம் தேடும் கால் முளைக்கும். அந்தக் கட்டத்தில் சல்லடையில் பிடித்து, ஈரமான வடிதாளில் சுற்றி, குளிர்பெட்டியில் வைப்பார்கள். கோல்ஃப் பந்து அளவு ஈர உருண்டையில் 20–25 லட்சம் உயிர்கள் இருக்கும். ஓரிரு நாள் தாங்கும். உறைய வைக்கக் கூடாது, காயவும் விடக் கூடாது.

உருண்டையைத் தொட்டி நீர் எடுத்த ஒரு வாளியில் கரைத்து, வெப்பநிலை சமமாகக் கொஞ்ச நேரம் கொடுத்து, லார்வா நீந்தத் தொடங்கியதைப் பார்த்த பிறகே தொட்டி முழுக்கப் பரவலாக ஊற்ற வேண்டும். நீர் 25–28 டிகிரி இருக்கட்டும். காற்றை மெதுவாக விடுங்கள். வெளிச்சத்தை மறைத்து மூடுங்கள். இல்லையென்றால் எல்லாம் இருட்டான அடிக்கூண்டில் போய்க் குவியும், மேல் ஓடு வெறுமையாக இருக்கும். 48 முதல் 72 மணி நேரம் நீரோட்டத்தைத் திறக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு கூண்டிலும் மேல், நடு, அடி என்று ஓடு எடுத்து எண்ணிப் பார்த்து, விரிகுடா நீரை ஓடவிடலாம்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. ஓர் ஏக்கருக்கு 50 லட்சம் குஞ்சு வேண்டும் என்று வையுங்கள்; ஹாரிஸ் கிரீக்கில் ஏறத்தாழ இந்த அளவில்தான் போட்டார்கள். ஓட்டுக்கு 10 குஞ்சு என்றால் 5 லட்சம் ஓடு. விட்ட லார்வாவில் 15 சதவீதம் ஒட்டினால் நல்ல நாள்; அப்படியானால் சுமார் 3.3 கோடி லார்வா, அதாவது 13 முதல் 17 உருண்டை. சதுர மீட்டருக்கு 1,200-க்குமேல் குஞ்சு விழும். 'இவ்வளவு எதற்கு?' என்று தோன்றும். நண்டும் தட்டைப்புழுவும் வண்டலும் சேர்ந்து 20-இல் 19-ஐ முடித்துவிட்டாலும் சதுர மீட்டருக்கு 60 மிஞ்ச வேண்டும், அதற்காக. ஓட்டுக்கு 40, 50 குஞ்சு ஏற்றிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. ஒன்றையொன்று நெருக்கிக் கொன்றுவிடும்.

கடலில் இறக்கும்போது படகுத் தளத்தில் ஓட்டைக் குவித்து, ஜி.பி.எஸ். வரித்தடத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டே நீரைப் பீய்ச்சித் தள்ளுவார்கள். ஒரே இடத்தில் குவிந்தால் அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும்.

வெறும் ஓடு மட்டும் போடும் வர்ஜீனியா முறையில் நாள்தான் உயிர். குஞ்சு படியும் உச்சத்துக்குச் சற்று முன்பு, ஜூன் இறுதி, ஜூலை வாக்கில் இறக்க வேண்டும். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச்சில் கொட்டினால் ஜூலைக்குள் கொட்டலசும் (கல்லிலும் ஓட்டிலும் ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) பாசியும் வண்டலும் இடத்தைப் பிடித்திருக்கும். அதே ஓடு, அதே ஆறு. நான்கு மாத வித்தியாசத்தில் பணம் போய்விடும்.

இன்னொரு தவறு பண்ணைச் சிப்பி சார்ந்தது. சந்தைக்கு வளர்ப்பவர்கள் மும்மடி விதையை, அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று மரபுத்தொகுதி கொண்டதை, விரும்புவார்கள். கோடையிலும் சதை வற்றாது, சீக்கிரம் வளரும். ஆனால் அது ஏறத்தாழ மலடு. வீட்டுப் படகுத்துறையில் கூண்டு தொங்கவிட்டு வளர்த்து மீட்புக்குக் கொடுக்க விரும்புபவர்கள் இருமடி விதைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். கூண்டை இரண்டு வாரத்துக்கொருமுறை நீரில் குலுக்கினால் வண்டல் போகும். இதைச் செய்யாத கூண்டில் வசந்தத்தில் வெறும் ஓடுதான் இருக்கும். நோய் தாங்கும் ஆசியச் சிப்பியைக் கொண்டுவரலாமே என்ற யோசனையும் அங்கே எழுந்தது. நீண்ட ஆய்வுக்குப் பிறகு 2009-இல் கைவிட்டார்கள். எம்.எஸ்.எக்ஸ். கிருமியே பசிபிக் சிப்பியோடு வந்தது என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கும்போது அது சரியான முடிவு.

ஹாரிஸ் கிரீக்கில் 2011 முதல் 2015 வரை சுமார் 350 ஏக்கரில் 200 கோடிக்குமேல் குஞ்சு போட்டார்கள். அதற்கு முன்பே, 2010-இல், அங்கே சிப்பி எடுக்கத் தடை வந்துவிட்டது. தடை முதலில், விதை பிறகு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. சிப்பி பெரும்பாலும் ஆணாகத் தொடங்கி வயதானபின் பெண்ணாகும். பெரியதை எடுத்துவிட்டால் முட்டையிடும் கூட்டத்தையே எடுத்ததாக ஆகும். செசபீக் விரிகுடாவை மீட்க அரசுகள் 2014-இல் செய்த ஒப்பந்தம் வைத்த இலக்கு, 2025-க்குள் இப்படிப் பத்துக் கிளையாறுகளை மீட்பது.

வென்றதா என்று பார்க்க 2011-இலேயே அளவுகோல் வகுத்துவிட்டார்கள். இந்தத் துறையில் உருப்படியான காரியங்களில் இது ஒன்று. போட்ட மூன்றாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் அளப்பார்கள். பாரின் 30 சதவீதப் பரப்பிலாவது சதுர மீட்டருக்கு 15 சிப்பியும், காய்ந்த சதை 15 கிராமும் இருந்தால் குறைந்தபட்சத் தேர்ச்சி. இலக்கு 50 சிப்பி, 50 கிராம். கூடவே இரண்டு வயதுத் தலைமுறைகளாவது இருக்க வேண்டும், பாரின் உயரமும் பரப்பும் குறைந்திருக்கக் கூடாது. 'இத்தனை கோடி விதைத்தோம்' என்ற எண்ணுக்கு இதில் மதிப்பெண் கிடையாது.

அளக்கும் முறை இப்படி: நீரழுத்தத்தில் இயங்கும் பெரிய இடுக்கி ஒரு சதுர மீட்டர் தரையை அள்ளி மேசையில் கொட்டும். உயிருள்ளவற்றை எண்ணி, கீலிலிருந்து நுனிவரை அளப்பார்கள். 40 மி.மீ.க்குக் கீழே இருந்தால் குஞ்சு, 76-ஐத் தாண்டினால் சந்தை அளவு. இரண்டு ஓடும் கீல் பிரியாமல் காலியாக இருப்பதை அங்கே 'பெட்டி' என்பார்கள். அது அண்மைச் சாவின் அடையாளம். பெட்டியின் உட்பக்கம் பளபளவென்று இருந்தால் செத்துச் சில வாரம்தான். உள்ளே கொட்டலசு வளர்ந்திருந்தால் மாதங்கள் ஆகிவிட்டன.

இந்த மேசையை வாசிக்கத் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும். பெட்டிகள் நிறைய, அவை எல்லாம் பெரிய சிப்பி என்றால் நோய் அல்லது நன்னீர் வெள்ளம். உப்பளவுப் பதிவைத் தேடுங்கள், உடனே விதை போட வேண்டாம். பெட்டியே இல்லை, பெரிய சிப்பி நன்றாக இருக்கிறது, ஆனால் குஞ்சு ஒன்றுகூட இல்லை என்றால் லார்வா வரவில்லை. இரண்டாம் முறை விதை ஏற்றுங்கள். சிப்பியும் இல்லை பெட்டியும் இல்லை, ஓடெல்லாம் கறுத்துப்போய் அழுகல் நாற்றம் வீசினால் அது சேற்றுக்குள் கிடந்த ஓடு. அங்கே முதலில் உயரம் கூட்டுங்கள், அல்லது அந்த ஏக்கரை விட்டுவிட்டுக் கழியை எடுத்துக்கொண்டு வேறு தரை தேடுங்கள்.